பூட்டன் வழியில் பிரஜாவுரிமை: எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?

உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய பத்திரமாக இருந்தால் அப்பா, அம்மா விவரங்களுக்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் ஒன்றில். அப்பா இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் இங்கே பிறந்திருந்தால் அவருடைய விவரம் மற்றதில். என்னுடைய பத்திரத்தில் இரண்டு கட்டத்திலும் கோடுதான் போட்டிருக்கிறது. சின்ன வயதில் அது ஏதோ தேவையில்லாத இடம் என்று நினைத்திருந்தேன். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரான எங்களைப் பார்த்து 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்ட கேள்விதான் அந்தக் கட்டங்கள் என்று பிறகுதான் விளங்கியது.

இப்போது ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து தம்பி தங்கச்சிமார் என்னிடம் வந்து வேறொரு கேள்வி கேட்கிறார்கள். "எங்க பூட்டன் துறையூர்ப் பக்கத்து ஆள். அப்ப எனக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைக்கும்தானே?" கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லிக் காசு வாங்கும் ஏஜன்சிக்காரர்களும் இருக்கிறார்கள், அதெல்லாம் ஒன்றும் நடக்காது என்று ஒரே பேச்சில் முடித்துவிடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பதிலுமே பிள்ளைகளைத் தவறான வழியில் அனுப்புகின்றன. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

மண்ணா, வம்சமா?

ஒரு நாடு ஒருவரைத் தன் பிரஜையாக ஏற்பதற்கு, பிறப்பை வைத்து இரண்டு வழிகள் உண்டு. பிறந்த மண்ணைப் பார்ப்பது ஒன்று. கனடாவிலோ அமெரிக்காவிலோ பிறக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்த மண்ணே போதும். பெற்றவர்களைப் பார்ப்பது மற்றது. இலங்கை இந்த இரண்டாவது வகை. நுவரெலியா ஆஸ்பத்திரியில் பிறந்ததால் மட்டும் நீங்கள் இலங்கைப் பிரஜை ஆகவில்லை. நீங்கள் பிறந்த அன்று உங்கள் அப்பாவோ அம்மாவோ இலங்கைப் பிரஜையாக இருந்ததால் ஆனீர்கள். 2003 வரை, பெற்றோர் திருமணமானவர்கள் என்றால் அப்பாவை மட்டும்தான் சட்டம் பார்த்தது. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான் அம்மாவின் பிரஜாவுரிமையும் பிள்ளைக்குச் சேரும் என்று ஆனது.

இந்தியா இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர்களுக்கு மண்ணே போதும். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அது இன்னும் இறுகிவிட்டது. மற்றவர் சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்தவராகவும் இருக்கக்கூடாது.

வம்சாவளி என்றதும் நம் ஆட்கள் இரத்தத்தை நினைக்கிறார்கள். சட்டம் இரத்தத்தைப் பார்ப்பதில்லை, ஒரு சங்கிலியைப் பார்க்கிறது. பூட்டன், தாத்தா, அப்பா, நீங்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு கண்ணி. ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணி பிறந்த நாளில், முதல் கண்ணிக்குக் காகிதத்தில் என்ன நிலை இருந்தது என்பதுதான் கேள்வி. நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் பூட்டன் தஞ்சாவூர் ஜமீன்தாராகவே இருந்திருந்தாலும் உங்கள் கைக்கு ஒன்றும் வந்து சேராது.

நம் வீட்டுக் கண்ணிகள் எங்கே அறுந்தன?

இதை நம்மைப் போல நேரில் பட்டு அறிந்த சனம் குறைவு. 1948 நவம்பர் 15-ஆம் திகதி நடைமுறைக்கு வந்த 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்த ஒருவரிடம் இரண்டில் ஒன்றைக் கேட்டது. அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும், அவருடைய அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. தோட்டத்தில் அது எப்படி விழுந்தது என்று பாருங்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஊருக்கு அனுப்புவது வழக்கம். ஊர் என்றால் அப்போது கடலுக்கு அந்தப் பக்கம்தான். லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீட்டிலேயே) வாழ்ந்து லயத்திலேயே செத்த ஒருவர், அம்மா பிரசவத்துக்குப் போன ஒரே பயணத்தால் இந்தியாவில் பிறந்தவராகிவிடுவார். அவருடைய பிள்ளையின் கண்ணி அங்கேயே அறுந்துபோகும். லயத்தில் பிறந்தவர்களுக்கும் பதிவு எல்லாத் தோட்டத்திலும் ஒழுங்காக இருந்ததில்லை. பூட்டன் காலத்து அத்தாட்சியை எங்கே தேடுவது?

அந்தக் கதவு மூடியவர்களுக்கென்று 1949-இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இது வம்சாவளி அல்ல, பதிவு வழி. திருமணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1-க்கு முன்னால் தொடர்ந்து இலங்கையில் வசித்ததைக் காட்ட வேண்டும். 1951 ஆகஸ்ட் 5-ஆம் திகதிதான் கடைசி நாள். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பல ஆண்டுகள் இழுபட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம் இது. 1949-இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தியதும் வாக்காளர் இடாப்பிலிருந்தே பெயர் போய்விட்டது.

எங்கள் தாத்தாவின் விண்ணப்பமும் அப்படித்தான் திரும்பி வந்தது. நடுவில் ஊருக்குப் போய் ஒரு வருசத்துக்கு மேல் தங்கியதை, தொடர்ச்சியாக வசிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். தன் அம்மாவின் கடைசிக் காலத்தில் கூட இருந்து பார்த்துக்கொள்ளத்தான் அவர் போயிருந்தார்.

பிறகு 1964 ஒக்டோபர் 30-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நம் வீடுகளில் "இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவங்க", "இலங்கைக்கு எழுதிக் கொடுத்தவங்க" என்று இன்றும் பேசுவது அந்த நாட்களைத்தான். எங்கள் தாத்தா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய தம்பி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார். ஒரே அப்பாவுக்குப் பிறந்த இருவர். இன்று அவர் பேரப்பிள்ளைகள் இந்தியப் பிரஜைகள், நாங்கள் இலங்கைப் பிரஜைகள். எங்களைப் பிரித்தது அவரவர் கையெழுத்து வைத்த தாள்.

இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்து, பாஸ்போட்டும் கிடைத்து, போகாமல் இங்கேயே நின்றுவிட்டவர்களும் நிறையப் பேர். 1984-இல் யுத்தத்தால் கப்பல் சேவை நின்றுபோனது. தலைக்கு மேலே இந்தியா, காலுக்குக் கீழே தோட்டம் என்று இருபது வருசம் கழிந்தது. 1988-இலும் 2003-இலும் வந்த சட்டங்கள்தான் கடைசியில் முடிச்சை அவிழ்த்தன. 2003-ஆம் ஆண்டு 35-ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததிக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கொடுத்தது.

இந்தப் பழங்கதையை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் குடும்பம் இதில் எந்தப் படியில் ஏறியது என்று தெரியாமல் எந்த நாட்டுப் படிவத்தையும் நீங்கள் நிரப்ப முடியாது. தாத்தாவிடம் இருந்தது 1949-ஆம் ஆண்டுச் சட்டப் பதிவா, ஒப்பந்தப் பதிவா, இந்தியப் பாஸ்போட்டா, 2003-இன் சான்றிதழா? முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்.

இந்தியா: ஒரே சொல், இரண்டு அளவுகோல்

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். இந்தியாவின் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் (அங்கே குடியுரிமை என்றுதான் சொல்வார்கள், நாம் சொல்லும் பிரஜாவுரிமையும் அதுதான்) வம்சாவளிக்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது. வெளிநாட்டில், 1992 டிசம்பர் 10-க்கு முன்னால் பிறந்தவர் என்றால், பிறந்த அன்று அப்பா இந்தியப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அப்பா அல்லது அம்மா. 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சேர்ந்தது. பிறந்து ஒரு வருசத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும், பிந்தினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

தாத்தா, பூட்டன் என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பூட்டன் துறையூரில் பிறந்தார் என்பது மட்டும் உங்களை இந்தியப் பிரஜை ஆக்காது. பதிவு வழியாக விண்ணப்பிக்கலாமே என்றால், அங்கேயும் இந்திய வம்சாவளியினர் என்ற சொல்லுக்கு அளவு குறுகியது. நீங்களோ உங்கள் அப்பா அம்மாவில் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். இங்கே குடிசன மதிப்பீட்டுத் தாளில் நம்மை இந்தியத் தமிழர் என்று எழுதுகிறார்கள். அதைக் கொண்டுபோய் அங்கே காட்டிப் பயனில்லை.

இந்தியப் பாஸ்போட் வைத்திருந்த அப்பாவுக்குப் பிறந்தவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உங்கள் பிறந்த திகதி அப்பா இந்தியப் பிரஜையாக இருந்த காலத்துக்குள் விழுந்தால் கண்ணி அங்கே அறுபடவில்லை. ஆனால் பிற்பாடு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீங்களே பிரகடனம் எழுதிக் கையெழுத்து வைத்து இலங்கைப் பிரஜை ஆகியிருந்தால் விசயம் வேறு. தன் விருப்பத்தில் இன்னொரு நாட்டின் பிரஜை ஆனவர் இந்தியப் பிரஜாவுரிமையை இழப்பார். இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்பதில்லை.

அப்படியானால் பூட்டனால் எந்தப் பிரயோசனமும் இல்லையா? இருக்கிறது. ஓசிஐ என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயரில் "இந்தியாவின் கடல்கடந்த குடிமகன்" என்று இருந்தாலும் அது பிரஜாவுரிமை அல்ல. இலங்கைப் பாஸ்போட் உங்கள் கையிலேயே இருக்கும். அதோடு ஆயுள் முழுக்க இந்தியாவுக்குப் போய்வர, தங்க, தொழில் பார்க்க விசா போன்ற ஒரு அட்டை. வாக்குரிமை இல்லை, அரசாங்க உத்தியோகம் பொதுவாகக் கிடைக்காது, விவசாயக் காணியோ தோட்டக் காணியோ வாங்க முடியாது. பிள்ளையைக் கோயம்புத்தூரில் படிக்கவைக்க நினைக்கும் குடும்பத்துக்கு இதுவே பெரிய உதவி.

இதில்தான் எண்ணத் தொடங்கும் இடம் முக்கியமாகிறது. நம் ஆட்கள் கடல் தாண்டி வந்த ஆளிடமிருந்து எண்ணுகிறார்கள். அவர், பிள்ளை, பேரன், பூட்டப்பேரன் என்று எண்ணி, "நான் அஞ்சாவது தலைமுறை, எனக்கு வராது" என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படி எண்ணவில்லை. 1950 ஜனவரி 26 அன்று இந்தியப் பிரஜை ஆகத் தகுதி இருந்தவர் யார் என்று கேட்கிறது. அவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை வரை இடம் இருக்கிறது. அன்று தகுதி யாருக்கு? இந்திய அரசியலமைப்பின் 8-ஆம் உறுப்புரைப்படி, வெளிநாட்டில் வசித்தாலும், தானோ பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டிமாரில் ஒருவரோ இந்தியாவில் பிறந்திருந்தால் அவருக்குத் தகுதி உண்டு.

என் குடும்பத்தையே வைத்துச் சொல்கிறேன். தாத்தா துறையூர்ப் பக்கம் பிறந்தவர். அப்பா 1946-இல் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தார். 1950 ஜனவரி 26 அன்று அப்பாவுக்கு நான்கு வயது. அவருடைய அப்பா இந்தியாவில் பிறந்தவர் என்பதால், சட்டத்தின் சொற்படி அந்த நான்கு வயதுப் பிள்ளைக்கே தகுதி இருந்தது. ஆகவே எண்ணிக்கை தாத்தாவிடமிருந்து தொடங்கத் தேவையில்லை, அப்பாவிடமிருந்து தொடங்கலாம். நான் பிள்ளை, என் மகள் பேத்தி, அவளுக்குப் பிறக்கும் பிள்ளை பூட்டப்பிள்ளை. ஒரு தலைமுறை மிச்சம். பூட்டன் இந்தியாவில் பிறந்து, தாத்தாவும் அப்பாவும் தோட்டத்தில் பிறந்த வீடுகளிலும் அப்பா 1950-க்கு முன் பிறந்திருந்தால் இதே கணக்குத்தான். அவருடைய தாத்தா இந்தியாவில் பிறந்தவர் ஆயிற்றே. இதைச் சொன்னபோது ஒரு தங்கச்சி என் மேசையிலேயே விரலை மடக்கி மூன்று தரம் எண்ணிப் பார்த்தாள்.

மொரிசியஸ் போன்ற சில நாடுகளில் குடியேறிய இந்திய வம்சாவளியினருக்கு இந்த எல்லையை இந்திய அரசு இன்னும் தளர்த்தியிருக்கிறது. நமக்கு இன்றைய நிலை என்ன, கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் நேரே கேட்டுவிட்டே படிவத்தைத் தொடங்குங்கள்.

காகிதம்

தகுதி இருப்பது வேறு, அதைக் காட்டுவது வேறு. நம் விண்ணப்பங்கள் பெரும்பாலும் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான்.

உங்கள் அத்தாட்சிப் பத்திரத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். உங்களுடையதில் அப்பாவின் பெயர், அப்பாவுடையதில் தாத்தாவின் பெயர் என்று ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தாது. எங்கள் அப்பாயியின் பெயர் ராமாயி. ஒரு தாளில் ராமாயி, ஒன்றில் ராமை, இன்னொன்றில் இராமம்மா. எழுதிய கிளாக்கருக்குத் தமிழ் தெரிந்திருக்காது, கேட்டபடி எழுதிவிட்டார். அந்த மூன்று பெயரும் ஒருவரே என்று நிரூபிக்க நான் ஓர் அலுவலகத்துக்கு ஐந்து தடவை நடந்தேன். இப்படியான வித்தியாசங்களுக்குச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிப்பதுதான் வழக்கமான வழி. அதோடு இரண்டு பெயரையும் சேர்த்துக் காட்டும் வேறொரு பழைய தாள் கிடைத்தால் பலம் கூடும்.

தாத்தா பாட்டிக்கு விவாகப் பதிவு இல்லாத வீடுகள் ஏராளம். கோயிலில் தாலி கட்டியதோடு சரி. பிறப்பே பதியப்படாதவர்களுக்குக் காலங்கடந்த பதிவும், உத்தேச வயதுச் சான்றிதழும் இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தேடிப் பார்த்தும் பதிவு கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்பதையே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளுக்கும் பெறுமதி உண்டு.

இந்தியாவில் பிறந்தவரின் பிறப்பைக் காட்டுவதுதான் ஆகக் கடினம். பழைய இந்தியப் பாஸ்போட், ஒப்பந்த காலத்து விண்ணப்பப் பிரதி, தோட்டப் பதிவேட்டில் ஊர்ப்பெயர் இருந்தால் அதன் பிரதி, கப்பலேறிப் போன சொந்தக்காரர்களிடம் இருக்கும் குடும்ப அட்டை, ஊரில் பூட்டன் பெயரில் நிற்கும் பட்டா என்று எதையும் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பக்கத்துச் சொந்தத்தோடு பேச்சு விட்டுப்போயிருந்தால் இன்றே புதுப்பியுங்கள். கோத்தகிரிச் சித்தப்பா வீட்டில்தான் எங்கள் பூட்டனின் ஊர் எழுதிய ஒரே தாள் இருந்தது.

மூலப் பத்திரத்தை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லும் ஆளிடம் பிரதியைக் கொடுங்கள், மூலம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். தொலைந்தால் அதைத் திரும்ப எடுக்க ஒரு தலைமுறை போய்விடும்.

மறுபக்கமாக வரும் கேள்வி

இங்கிருந்து அங்கே போவதைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் சொன்னதாகும். 1977 கலவரத்துக்குப் பிறகும் 83 கலவரத்துக்குப் பிறகும் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கிருந்து படகேறித் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வேண்டுமென்றால் அதுவும் வம்சாவளி வழிதான். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருசத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில், தமிழ்நாட்டுக்காரர்கள் என்றால் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில், பதிய வேண்டும். பிந்திவிட்டால் தகுந்த காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். முகாமில் இருந்தோம் என்பது சொல்லக்கூடிய காரணம்தான். வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போய் அங்கே பிள்ளை பெற்ற பெண்களுக்கும் இதே விதி. 2009-இல் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் திருத்தி, யுத்தத்தால் இந்தியா போக நேர்ந்தவர்களுக்கு இடம் வைத்தார்கள். உங்கள் சொந்தத்தில் யாராவது இன்னும் முகாமில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். பலருக்குத் தெரியாது.

இலங்கைப் பிரஜையாக இருந்துகொண்டு வேறு நாட்டுப் பிரஜாவுரிமையை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அப்படி எடுத்தால் இலங்கையுடையது போய்விடும். வைத்துக்கொள்ள விரும்பினால் இரட்டைப் பிரஜாவுரிமைக்குப் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மற்ற நாடும் அதை அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஊர்ப்பெயரே தெரியாத வீடுகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். வயதான அப்பாயியிடம், அம்மாயியிடம் குலதெய்வம் எது, கோயில் எந்த ஆற்றுப் பக்கம், அங்கே எந்த மாதம் கெடா வெட்டுவார்கள் என்று கேளுங்கள். ஊர் மறந்தவர்களுக்கும் சாமி மறப்பதில்லை. அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கோயிலை வைத்துக் கிராமத்தையும், கிராமத்தை வைத்துத் தாலுகாவையும் கண்டுபிடித்து, அங்குள்ள கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய பதிவு தேடிய குடும்பங்களை நான் அறிவேன். எங்களுக்கும் முதலில் கிடைத்தது கோயில்தான்.

என் மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுக்கப் போன அன்று, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் நிரப்பவேண்டிய அந்தக் கட்டத்தை முதலில் பார்த்தேன். கோடு இல்லை. எங்கள் அப்பாவின் பெயரும், 1946 என்ற ஆண்டும், அவர் பிறந்த தோட்டத்தின் பெயரும் எழுதியிருந்தது.